அப்பாவுக்கு நீ ஒட்டிய கை

மகனே,

உன் கல்யாண பேனருக்கென்று நீ செய்து அனுப்பிய படம் வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது. அப்பாவுக்குக் கை முளைத்திருக்கிறது. ஒன்றரை வருடமாக முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் இருக்கிற மனிதருக்கு வெள்ளைச் சட்டை, அளவாக மடித்துவிட்ட கைமடிப்பு, அதற்குக் கீழே ஐந்து விரலோடு ஒரு வலது கை. நன்றாகத்தான் செய்திருக்கிறாய், நிழல்கூட விழவேண்டிய இடத்தில் விழுகிறது. டீக்கடைக்காரிக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாய். அந்தக் கை உன்னுடையது. சின்ன வயதில் என் கடையில் பஜ்ஜி எண்ணெய் தெறித்து மணிக்கட்டில் வந்த தழும்பை அழித்துவிட்டாய், ஆனால் உள்பக்கமாக வளைந்த சுண்டுவிரலை அப்படியே விட்டுவிட்டாய். அந்த வளைவு என் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து உனக்கு வந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் என் பிறந்த வீட்டை ஒரு பொருட்டாக மதிக்காத மனிதருக்கு என் பிறந்த வீட்டு விரலையே மாட்டிவிட்டிருக்கிறாய். அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

அடுத்த நாள் போனில் நீ சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, பொண்ணு வீட்டு சைடுல நிறைய பேர் வருவாங்க. ஆளாளுக்குக் கையைப் பத்தியே கேட்டுட்டு இருப்பாங்க. அப்பா முன்வரிசைல உக்காரட்டும், மேடைல மாமா நிக்கட்டும். ஆல்பத்துல நான் பாத்துக்கறேன்" என்றாய். ஆல்பத்தில் நீ பார்த்துக்கொள்வாய் என்பது எனக்குத் தெரியும். மீதியைப் பேசத்தான் இதை எழுதுகிறேன். நீ மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்க வேண்டாம். உனக்குக் கழுத்தை நீட்டப்போகிறவளும் படிக்கட்டும், அவள் வீட்டில் யார் கேட்டாலும் கொடு. அப்பாவின் கை போனதற்கும் நீ பரிசு வாங்கிய அந்த மரத்துப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது இவ்வளவு நாள் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவரிடம் சொல்லவே கூடாது என்று என்னைக் கேட்டுக்கொண்டாய். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இனி இருக்க முடியாது.

அந்தப் படம் உருவானபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தீவை விட்டு மெயின்லேண்டில் வேலை கிடைத்து முதல் லீவுக்கு வந்திருந்தாய். நம் வண்டூர் கடற்கரையைத் தாண்டி, ஓடை கடலில் கலக்கிற இடத்தில், சுனாமியில் தரை உள்வாங்கியபோது செத்துப்போன மரம் ஒன்று தண்ணீருக்குள் தனியாக நிற்கிறதே, அதைப் படம்பிடித்து வந்து லேப்டாப்பில் போட்டாய். எனக்குப் பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினாய். முதலில் நிறத்தை எல்லாம் எடுத்தாய். பிறகு வானத்தை இருட்டாக்கி, மரத்தைச் சுற்றி மட்டும் வெளிச்சத்தைத் தடவினாய். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி நெடுநேரம் திறந்துவைத்து எடுத்ததாகச் சொன்னாய், அதனால் அலை என்று ஒன்றுமே இல்லாமல் தண்ணீர் பாலாடை மாதிரி படிந்திருந்தது. தூரத்தில் தெரிந்த தீவு போனது. யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் போனது. கடைசியாக, மரத்துக்கு இடதுபக்கம் மணலில் நட்டிருந்த மஞ்சள் போர்டுக்கு வந்தாய். முதலை இருக்கிறது, தண்ணீரில் இறங்காதே என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதி, கீழே ஒரு முதலையும் வரைந்திருந்த போர்டு. அப்பா எழுதியது, அப்பா வரைந்தது, அப்பா நட்டது. வனத்துறையில் மஸ்தூராக, கூலியாளாகச் சேர்ந்தவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று போர்டு எழுதுகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள். எழுத்து நன்றாக வரும், படம்தான் வராது. அவருடைய முதலை பல்லி மாதிரி இருக்கும் என்று நாம் இருவரும் கேலி செய்வோம்.

"ஏன்டா, அது அப்பா நட்ட போர்டுடா" என்றேன்.

"கண்ணு அங்க போகுதும்மா. பாக்கறவங்க கண்ணு எங்க போகணும்னு நாமதான் முடிவு பண்ணணும்."

"அப்ப அங்க நெசமா இருக்கறது?"

"நெசத்தை எவன்மா செவுத்துல மாட்டுவான்? இது ஃபைன் ஆர்ட்."

சொல்லிக்கொண்டே ஒரு தடவு தடவினாய், போர்டு இருந்த இடத்தில் மணல் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். குனிந்து பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, நம்ம ஓடைன்னே தெரியலடா. ஆமா, என் முதலை எங்க?" என்று கேட்டார். "லீவுல போயிருக்குப்பா" என்றாய். மூன்று பேரும் சிரித்தோம். பொய் சொல்ல மாட்டேன், படம் அழகாகத்தான் இருந்தது. போர்டை எடுத்தது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்லப்போவதில்லை. சமைக்கிறவள் கீரையில் மண்ணைக் கழுவுகிறாள், நீ உன் படத்தில் வேண்டாததைக் கழுவினாய். என் கோபம் அங்கே இல்லை.

படத்துக்குச் சென்னையில் பரிசு கிடைத்தது. பருத்திக் காகிதத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டு விற்றாய். இங்கே புதிதாகத் திறந்த ரிசார்ட் ஒன்று அதை வாங்கி எல்லா அறைகளிலும் கட்டிலுக்கு மேலே மாட்டியது. மகன் எடுத்த படம் என்று நானும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பூரித்துப்போனேன். அதற்குப் பிறகுதான் ஓடைப் பக்கம் ஆள் நடமாட்டம் அதிகமானது. அதற்குப் பிறகுதான் அப்பாவின் போர்டை யாரோ பிடுங்கிப்போட ஆரம்பித்தார்கள். இவர் போய் நட்டுவிட்டு வருவார், சில நாளில் அது தாழம்புதரில் கிடக்கும். கடற்கரைக் காவலுக்கு இருக்கிற வங்காளி பிஸ்வாஸ் தாதா கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, "பாபி, ஃபிர் உகாட் தியா" என்று கத்துவார், மறுபடி பிடுங்கிவிட்டார்கள் என்று. அப்பா டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். "குடிகாரப் பயலுங்க வேலை. பீச்சுல இத்தனை போர்டு இருக்கு, அந்த ஒத்த போர்டு மேலதான் எல்லாருக்கும் குஸ்ஸா, அப்படி ஒரு கோவம். என்னா பாவம் பண்ணுச்சோ" என்பார். எனக்கும் காரணம் தெரியாது. குடிகாரர்கள்தான் என்று நானும் நம்பினேன்.

அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினார். தோளில் புதிதாக எழுதிய போர்டு, கையில் கடப்பாரை, பின்னால் பிஸ்வாஸ் தாதா. ஓடை வாய்க்குப் போனபோது கல்யாணமாகி வாரம்கூட ஆகாத ஒரு பெண் இடுப்பளவுத் தண்ணீரில் அந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புருஷன் கரையில் போனை நீட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே என்கிறான். அவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் போர்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே போர்டு இருந்ததே தெரியாது. அப்பா தண்ணீரில் ஒரு கோடு நகர்வதைப் பார்த்திருக்கிறார். தோளில் இருந்ததை மணலில் போட்டுவிட்டுக் கடப்பாரையோடு இறங்கிவிட்டார். அது அவளைக் குறிவைத்து வந்தது, இவர் குறுக்கே போனார். வலது கையைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றியது. பிஸ்வாஸ் தாதா இடுப்பைக் கட்டிக்கொண்டு கரைக்கு இழுத்தார். முழங்கைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்ததைப் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போது அவள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். அழுகைக்கு நடுவில் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். "ஆன்ட்டி, ஹம்கோ க்யா பதா, இஸ்மே தோ போர்ட் ஹை ஹி நஹி" என்றாள். எங்களுக்கு எப்படித் தெரியும், இதில் போர்டே இல்லையே என்று. அவர்கள் தங்கியிருந்த அறையில் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த உன் படம். அங்கே தங்குகிற எல்லோரும் இதே மாதிரி ஒன்று எடுத்துக்கொள்ள அந்த மரத்தைத் தேடிப் போவார்களாம், வேலைக்காரப் பையன்களே வழி சொல்வார்களாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உன்னிடம் லேப்டாப் இருக்கிறது, தடவினால் போர்டு போய்விடும். அவர்களிடம் இரண்டு கைதானே இருக்கிறது, பிடுங்கினார்கள். அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். இதை எடுத்தவன் என் மகன் என்று அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஃப்ளைட்டில் வந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஜன்னலைப் பார்த்தாய், டிரிப் பாட்டிலைப் பார்த்தாய், கட்டுப் போட்ட இடத்தை மட்டும் பார்க்கவில்லை. மார்புக்கு மேலே மட்டும் விழுகிற மாதிரி அப்பாவை ஒரு படம் எடுத்து, 'என் ஹீரோ' என்று எழுதிப் போட்டாய். எத்தனை பேர் இதயம் போட்டார்கள் என்று அவரிடமே காட்டினாய், மயக்கம் தெளியாத மனிதர் சிரித்தார். வராந்தாவுக்குக் கூட்டிப் போய் அந்தப் பெண் காட்டிய படத்தைப் பற்றி உன்னிடம் சொன்னேன். உன் முகம் வெளுத்தது. பாவம், துடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். நீ முதலில் கேட்டது, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்பது. இரண்டாவதாகச் சொன்னது, "அம்மா, அது மேப் இல்ல, ஆர்ட். பாத்துட்டுப் போய் எவனோ தண்ணில இறங்கினா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

என் கோபம் இங்கேதான் இருக்கிறது, சரியாகப் பார்த்துக்கொள். ரிசார்ட்டில் சொல்லி எல்லாப் படத்தையும் இறக்கச் சொல்கிறேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் எனக்குச் சத்தியம் செய்தாய். போன தீபாவளிக்கு அவர்கள் கேட்டிருந்த முறுக்கைக் கொடுக்க அங்கே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு அந்த மரம் நிற்கிறது, கீழே பித்தளைத் தகட்டில் உன் பெயர். எப்போது வந்தது என்று கேட்டேன். புதிதாக வந்தது, சாரே நேரில் வந்து மாட்டிக் கொடுத்தார் என்றான் அங்கிருந்த பையன். அப்பா அந்த மாதங்களில் இடது கையால் சாதம் பிசைய மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் ஊட்டினேன். ஐம்பத்தொன்பது வயது ஆண்பிள்ளை வாயைத் திறக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், என்னைப் பார்க்கக் கூசி. நீ அந்தப் பக்கத்தில் ஏணி மேல் ஏறி ஆணி அடித்துக்கொண்டு இருந்திருக்கிறாய். அவ்வளவு தூரம் வந்தவன் வீட்டுக்கு வரவில்லை.

அந்தக் கை என்னவெல்லாம் செய்தது என்று உனக்குப் பட்டியல் போடப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். உன்னைக் கல்லூரியில் சேர்க்கக் கப்பலில் கூட்டிப்போனார், படுக்கைகளை அடுக்கடுக்காகப் போட்டிருக்கிற பங்க் கிளாஸில். வழியெல்லாம் கடல் மோசம். நீ படுக்கையை விட்டு எழாமல் வாந்தி எடுத்தபடி இருந்தாய். பை தீர்ந்துபோனதும் அவர் கையை ஏந்தியிருக்கிறார். மேலே இருந்த தெலுங்குக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாராம். "பயலுக்குக் கடல் ஒத்துக்கல, பெரிய படிப்புப் படிக்கப் போறான்ல" என்று அவரிடம் பெருமையடித்தாராம் உன் அப்பா, உன் வாந்தியைக் கையில் வைத்துக்கொண்டு. திரும்பி வந்து என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தக் கைக்குப் பதிலாகத்தான் உன் வழவழப்பான கையை ஒட்டி அனுப்பியிருக்கிறாய்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும் அல்லவா, சொல்கிறேன். உன் மனைவிக்குக் காய்ச்சல் வரும், முடி கொட்டும், பிள்ளை பெற்ற வயிறு தொங்கும், சில நாள் உன்னைக் கண்டால் பிடிக்காது. அப்போதெல்லாம் அவளை நேராகப் பார். எது கண்ணை உறுத்துகிறதோ அதையே இன்னும் கொஞ்ச நேரம் பார். அம்மாடி, நீ இதைப் படிக்கிறாய் என்றால் உனக்கும் ஒரு வார்த்தை. என் மகன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், அன்பாகப் பேசுவான். ஆனால் அவனுக்கு ஒன்று அசிங்கமாகத் தெரிந்துவிட்டால் அது இல்லாத மாதிரியே நடந்துகொள்வான், நீ அழுதுகொண்டு பக்கத்தில் நின்றாலும்.

இனி நேற்று நடந்தது. பேனர் படத்தைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். "எங்கயோ போன கையைக் கண்டுபுடிச்சுக் குடுத்துட்டான் பாருங்க எம்புள்ள" என்று பிஸ்வாஸ் தாதாவிடம் சொல்லிச் சிரித்தார். அந்த மனிதர் பார்த்துவிட்டு, அச்சா ஹை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் இவர் கல்யாணச் சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"புள்ள, இதுல ஒரு வேலை இருக்கு. வலது கைக்குள்ள பழைய துணிய அடைச்சுத் தைச்சுடு. நுனில தெரியாம அங்கவஸ்திரத்தப் போட்டுக்கறேன்."

"எதுக்கு?"

"பேனர்ல கை இருக்குல்ல. நேர்ல வந்து நின்னா இல்லன்னா, பொண்ணு வீட்டாளுங்க எம்புள்ள ஜூட் சொல்றான், பொய்க்காரன்னு நெனப்பாங்க. அவனுக்கு அசிங்கம்."

சட்டையைக் கையில் வாங்கினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். போர்டைப் பிடுங்கியவர்கள் குடிகாரர்கள் இல்லை என்று சொன்னேன். கட்டிலுக்கு மேலே மாட்டிய படம், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் காட்டியது, நீ வராந்தாவில் பேசியது, சாப்பாட்டுக் கூடத்துச் சுவர், பித்தளைத் தகடு எல்லாம். நீ வண்டூர்வரை வந்து வீட்டுக்கு வராமல் போனதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தினால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"போர்டு இருந்தா படம் கெட்டுத்தான் போயிருக்கும்" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த முதலைய இன்னும் கொஞ்சம் ஒழுங்கா வரைஞ்சிருந்தா விட்டுவெச்சிருப்பானோ என்னவோ. பல்லி மாதிரில்ல இருந்துச்சு" என்றார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, "எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாத. கல்யாண நேரத்துல மனசு கஷ்டப்படுவான்" என்றார். சொல்லிவிட்டேன். உன் மனசு கஷ்டப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறோம், கப்பலில்தான். மேடையில் உன் அப்பாதான் நிற்பார், மாமா முன்வரிசையில் உட்காரட்டும். சட்டைக் கையில் துணி அடைத்துத் தைத்துவிட்டேன், அவர் கேட்ட இரண்டில் ஒன்றை மீறிவிட்டேன், இதையும் நான் ஏன் மறுக்க வேண்டும்? தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, போட்டோக்காரர்களுக்கும் சிரமம் இருக்காது. அட்சதை மட்டும் போடமாட்டாராம். இடது கையால் ஆசீர்வாதம் செய்தால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தாலி கட்டி முடித்ததும் நீயும் அவளும் அவர் காலில் விழுவீர்கள். தலைமேல் கை வரும் என்று காத்திருக்காதே. சீக்கிரம் எழுந்துவிடு, பின்னால் மொய்க் கவரோடு ஆட்கள் நிற்பார்கள்.

அம்மா